வார்ப்பு அலுமினியத்தில் பலமும் வேண்டும், கரண்ட்டும் ஓட வேண்டும்

கேள்வி: வேகமாகச் சுழலும் மோட்டார் ரோட்டாருக்குச் சுத்த அலுமினியம் வார்த்தால் பலம் போதவில்லை. சிலிக்கான், மெக்னீசியம் சேர்த்தால் மின்கடத்துத்திறன் படுத்துவிடுகிறது. இரண்டும் கிடைக்க வழியே இல்லையா?

பதில்: முழுசாகக் கிடைக்காது. ஆனால் இழப்பை நன்றாகவே குறைக்கலாம். செம்பின் கடத்துத்திறனை 100 என்று வைத்தால் சுத்த அலுமினியம் 62 அளவில் நிற்கும். 7 சதவீதம் சிலிக்கானும் கொஞ்சம் மெக்னீசியமும் உள்ள ஏ356 கலவை 40ஐ ஒட்டித்தான் வரும்.

எவ்வளவு கலந்தோம் என்று மட்டும் கணக்குப் பார்க்காமல், கலந்தது எங்கே போய் உட்கார்ந்தது என்றும் பாருங்கள். அலுமினியப் படிகத்துக்குள் கரைந்து நிற்கும் அந்நிய அணு எலெக்ட்ரானை இடறிவிடும், அதே அணுக்கள் தனித் துகளாகப் பிரிந்து ஒதுங்கிவிட்டால் தொல்லை வெகுவாகக் குறையும். இரும்பையே எடுங்களேன். ஒரு சதவீதம் கரைந்திருந்தால் மின்தடை 2.56 மைக்ரோ ஓம் சென்டிமீட்டர் ஏறும் (சுத்த அலுமினியத்தின் மொத்தத் தடையே 2.65தான்!), பிரிந்திருந்தால் 0.06 கூட ஏறாது. நல்லவேளையாக இரும்பு திட அலுமினியத்தில் 0.05 சதவீதத்துக்கு மேல் கரைவதில்லை, நிக்கலும் அப்படித்தான். அதனால்தான் இந்த வேலைக்கு அலுமினியம்-நிக்கல் கலவைகள் மேல் எனக்கு ஒரு கண். 6 சதவீதம் பக்கம் போனால் அச்சில் நன்றாகவும் ஓடும். விலைதான் கடிக்கும்.

சிலிக்கான் கலவையிலேயே இருக்க வேண்டுமென்றால், துளி ஸ்ட்ரான்சியம் சேர்த்துத் தட்டைத் தட்டையான சிலிக்கானை நாராக்குங்கள், கடத்துத்திறன் ஏறும். அப்புறம் ஏஜிங், அதாவது வார்த்ததை மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்திருப்பது. மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து நுண்துகளாகப் பிரியும்போது பலமும் கடத்துத்திறனும் ஒன்றாக ஏறுகிற அபூர்வமான இடம் இது. பலம் உச்சம் தொட்ட பிறகும் சூட்டில் விட்டால் பலம் கொஞ்சம் இறங்கும், கடத்துத்திறன் இன்னும் ஏறும். டை காஸ்டிங் (உருகலை அழுத்தத்தில் உலோக அச்சுக்குள் செலுத்தி வார்ப்பது) என்றால், ஏஜிங்குக்கு முன் வழக்கமாகச் செய்வதுபோல் 540 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டாம், உள்ளே சிக்கிய காற்று கொப்பளித்துவிடும். 200 டிகிரி அளவில் நேரடி ஏஜிங் போதும்.

கேள்வி: சிலிக்கானே சேர்க்கவில்லை, அப்படியும் கடத்துத்திறன் குறைகிறதே?

பதில்: டைட்டானியம், வனேடியம், குரோமியம், மாங்கனீசு எவ்வளவு என்று பாருங்கள். உலோகத்தின் படிக மணிகளைச் சிறிதாக்கப் பழக்கதோஷத்தில் டைட்டானியம் போடுகிறவர்கள் நிறையப் பேர். போரான் சேர்த்தால் முதல் மூன்றும் அதோடு சேர்ந்து போரைடு என்ற சேர்மமாகி அடியில் படியும். படிகிறவரை உருகலைக் கலக்காமல் விடுங்கள். மாங்கனீசு இதற்கு மசியாது, அதை வாங்கும் இங்காட்டிலேயே (உருக்க வாங்கும் அலுமினியக் கட்டியிலேயே) தடுக்க வேண்டும்.