அடுத்த அடி தெரியாதபோது கடவுள் வழிநடத்துவார் என்று எப்படி நம்புவது?

வேலை போய்விட்டது, அம்மாவைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன், கும்பிட்டும் ஒரு வழியும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா படுத்த படுக்கையானபோது நானும் அப்படித்தான் ஊர் திரும்பினேன். அப்போது என்னைத் தாங்கியது திலகவதியாரின் கதை.

தேவாரம் பாடிய அப்பரை எல்லோருக்கும் தெரியும். நான் பிடித்துக்கொண்டது அவருடைய அக்காவை. பெற்றோர் இறந்தார்கள். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். தானும் உயிர்விடத் துணிந்தவரைத் தம்பியின் அழுகை தடுத்தது. ‘தம்பியார் உளராக வேண்டும்’ என்ற இரக்கத்தால் உயிர் தாங்கினார் என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். பிறகு அந்தத் தம்பியும் சமண மடத்தில் சேர்ந்து தருமசேனர் ஆகிவிட்டார். யாருக்காக வாழ்ந்தாரோ அவரும் பக்கத்தில் இல்லை.

திலகவதியார் கெடிலக் கரைத் திருவதிகைக்குப் போனார். வீரட்டானேசுவரர் கோயிலில் விடியுமுன் பெருக்கினார், சாணமிட்டு மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். என்னை ஆள்பவர் நீர் என்றால் தம்பியை மீட்டுத் தாரும் என்று சிவனிடம் வாய்விட்டுக் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்பது நம்பிக்கைக் குறைவு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தான் நம்பாத ஒருவரிடம் யார் இப்படி உரிமையோடு கேட்பார்கள்?

தம்பிக்குச் சூலை என்னும் கடும் வயிற்று நோய் தந்து ஆட்கொள்வோம் என்று கனவில் பதில் வந்தது. (நோயெல்லாம் அருள் என்று சொல்ல வரவில்லை, அப்பாவின் வலியைப் பார்த்த எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.) வயிற்று வலியோடு இரவில் பாடலிபுத்திரத்திலிருந்து, அதாவது இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து, தம்பி அக்காவைத் தேடி வந்தார். அக்கா திருநீறு கொடுத்தார். பிறகு விடியுமுன் தாம் துடைப்பமும் சாணமும் எடுத்துக்கொண்டு வழக்கமாகக் கோயிலுக்குப் போகும் நேரத்தில் தம்பியையும் கூட்டிப்போனார். அப்பர் பாடிய ‘கூற்றாயினவாறு’ பதிகம் அங்கேதான் பிறந்தது.

இதில் என் மனம் நிற்கும் இடம் அந்த விடியல்தான். திலகவதியார் காத்திருந்த நாள் அன்றாட வேலையின் நடுவிலேயே வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவருக்கு வழி காட்டப்பட்டதாகக் கதையில் இல்லை. செய்ய வேண்டிய பணி மட்டும் இருந்தது. அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டும்போது இதை நினைத்துக்கொள்வேன். பயம் முழுவதும் போகவில்லை, ஆனால் காலையில் எழ முடிந்தது.

அதனால் தினமும் பூக்கட்டிப் பார்த்து உத்தரவு தேடாதீர்கள். வேண்டியதைச் சாமியிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். வேலைக்கு விண்ணப்பம் போடுவதையும் நிறுத்த வேண்டாம். அம்மாவுக்கு நீங்கள் இன்று செய்வதே இப்போதைக்கு உங்களுக்குத் தரப்பட்ட பணி என்று நான் நம்புகிறேன்.