நெய்ப்பந்தம் பிடிக்காத பேரன்

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பிரிவில் 17 வருஷம் இருந்தவர். 1971 போருக்குப் போனவர். ஓய்வுக்குப் பிறகு காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டு, எங்களையெல்லாம் தாங்கினார். போன பங்குனியில் தவறிவிட்டார். முதல் திதிக்கு நினைவு மலர் போட நினைக்கிறோம். 'பாகிஸ்தானை நடுங்க வைத்த மாவீரர்' என்று தலைப்பு வைக்கச் சொல்கிறார் அண்ணன். ஆனால் போரைப் பற்றி அப்பா எங்களிடம் பேசியதே இல்லை. என் மகனிடம் மட்டும் ராத்திரி திண்ணையில் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். அவனுக்கு அப்போது பத்தாம் வகுப்புத் தேர்வு, நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் இருந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் சொன்னோம். நெய்ப்பந்தம் பிடிக்கக்கூட அவன் இல்லையே என்று அம்மா புலம்பினார். இப்போது தாத்தா பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். அந்த வயசு அப்படி. மலரில் என்ன எழுதலாம்?
- ஓசூர் வாசகி

பதில்: மலர் கிடக்கட்டும் அம்மா. நெய்ப்பந்தம் என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன்.

பேரன் பிடிக்கிற பந்தம் அது. தாத்தாவைச் சுற்றி வந்து வழியனுப்புகிற உரிமை, ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். அதை ஒரு மார்க் ஷீட்டுக்காகப் பறித்துவிட்டு, "அந்த வயசு அப்படி" என்கிறீர்கள். வயசு என்ன செய்தது? தாத்தா மண்ணுக்குள் போய்ப் பதினாறு நாள் வரைக்கும் அந்தப் பிள்ளை, லீவுக்குத் தோப்புக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டு படித்திருப்பான். அந்தப் பதினாறு நாளில் போனில் பேசியிருப்பீர்கள் அல்லவா? "தாத்தா நல்லாருக்காரா" என்று கேட்டிருந்தால் என்ன சொன்னீர்கள்?

தேர்வுக்காகச் சாவை மறைத்தோம் என்று எனக்கு வருஷா வருஷம் கடிதம் வருகிறது. ஒரு பரீட்சை போனால் துணைத் தேர்வு இருக்கிறது. இதற்கு என்ன இருக்கிறது?

அப்பா பேசியதில்லை என்கிறீர்கள். மிலிட்டரிக்காரர் ஊருக்கு வந்தால் நாம் கேட்பதெல்லாம் கேன்டீனில் என்ன வாங்கி வந்தார் என்பதுதானே. உங்கள் மகன் கேட்டிருக்கிறான், அவனுக்குச் சொல்லியிருக்கிறார். எழுத வேண்டியதெல்லாம் இப்போது அவனிடம் இருக்கிறது. அவனிடம் போகாமல் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

அண்ணனுடைய தலைப்பை முதலில் தூக்கிப் போடுங்கள். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக் இருக்கும், மெடல்கள் இருக்கும். மெடலின் விளிம்பில் அவருடைய நம்பரும் பேரும் பொறித்திருக்கும். பூர்வி ஸ்டார் இருந்தால் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனை. டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்த அந்தப் போரில் எம்.இ.ஜி.காரர்களின் வேலை பெரும்பாலும் பாலம் போடுவதும் கண்ணிவெடி அகற்றுவதும். மற்றவர்கள் கால் வைப்பதற்கு முன்னால் இவர்கள் வைக்க வேண்டும். அவர் யாரை நடுங்க வைத்தாரோ தெரியாது, அந்த வேலையில் அவர் நடுங்கியிருக்கலாம். அதைக்கூடப் பேரனிடம் சொல்லியிருப்பார்.

உங்கள் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுகிற கற்கள் பலவும் நடுகற்கள்தானே. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் வைத்திருக்கிறார்கள். எந்த அரசன் காலத்தில், யாருடைய ஆள், மாடு கவர வந்த எந்தச் சண்டையில் விழுந்தான் என்று நாலு வரி. திரும்பி வராதவனுக்கு அது போதும். உங்கள் அப்பா திரும்பி வந்தவர். மாமரங்களுக்குத் தண்ணீர் கட்டினார், உங்களைக் கட்டிக் கொடுத்தார், பேரனைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசினார். மலரில் பாதிக்கு மேல் அதுதான் இருக்க வேண்டும். அவர் பட்டாளத்தில் இருந்தபோது வீட்டைத் தனியாக இழுத்த உங்கள் அம்மாவுக்கும் நாலு பக்கம் வேண்டும். அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு புலம்பல்தான் இருக்கிறது.

சரி, இப்போது மகனிடம் போங்கள். "உன் நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பிக்காதீர்கள். தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள். அவன் கத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் காவேரிப்பட்டணத்துக்குக் கூட்டிப்போய்ப் பெட்டிச் சாவியைப் பாட்டி கையால் அவனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் அண்ணனும் தோப்புப் பக்கம் போய்விடுங்கள். அவன் எழுதுவானோ மாட்டானோ, கேட்காதீர்கள். திதியன்று விளக்கை அவன் ஏற்றட்டும். மலர் அடுத்த வருஷம் வந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.