‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ ஏன் தவறு?

‘எக்ஸ்ப்ளெய்ன் மீ தி ப்ராப்ளம்’ என்று எழுதியதை ஆசிரியர் தவறென்று அடித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ‘எக்ஸ்ப்ளெய்ன் தி ப்ராப்ளம் டு மீ’ என்று எழுதுங்கள். ‘டெல் மீ’ சரியாக இருக்கும்போது உங்கள் ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’யை ஆசிரியர் ஏன் அடித்தார் என்றால், எக்ஸ்ப்ளெய்னுக்கு அடுத்து வரவேண்டியது விளக்கப்படும் விஷயம். கேட்பவர் ‘டு’வோடுதான் வருவார்.

மொரிஷியஸில் இந்தத் தவறு பெரும்பாலும் அங்கே எல்லோரும் பேசும், பிரெஞ்சிலிருந்து வந்த கிரியோல் மொழியிலிருந்து வருகிறது. ‘எக்ஸ்ப்ளிக் ம்வா’ (எனக்கு விளக்கு) என்று நாள் முழுக்கப் பேசும் வாய்க்கு ஆங்கிலத்திலும் அதே வரிசைதான் வரும். தமிழின் ‘எனக்கு விளக்கு’ம் அந்தப் பக்கமே இழுக்கிறது.

ஐயம் வந்தால் ‘ஐ வாஸ்’ சேர்த்துப் பாருங்கள். ‘ஐ வாஸ் டோல்ட்’, ‘ஐ வாஸ் ஷோன்’ நிற்கும். ஆகவே டெல் மீ, ஷோ மீ சரி. ‘எனக்கு விளக்கினார்கள்’ என்ற பொருளில் ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட்’ நிற்காது. டிஸ்க்ரைப், கிளாரிஃபை, டெமான்ஸ்ட்ரேட் மூன்றும் எக்ஸ்ப்ளெய்ன் கூட்டம்தான். எலாபரேட் மட்டும் தனி: விரித்துச் சொல்லும் விஷயத்துக்கு முன் ‘ஆன்’ கேட்கும். அதைத் தேர்வில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

விஷயம் நீளமானால் ‘டு மீ’யை முன்னால் வைக்கலாம்: ‘எக்ஸ்ப்ளெய்ன் டு மீ ஒய் தி பஸ் வாஸ் லேட்’. ‘எக்ஸ்ப்ளெய்ன் யுவர்செல்ஃப்’ என்று பார்த்துக் குழம்பாதீர்கள். அங்கே பொருள் வேறு, ‘நீ செய்ததற்குக் காரணம் சொல்’ என்பது.