எந்த பிஸ்ட்ரிட்சா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போர் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். 1944 ஆகஸ்டில் ஸ்லோவாக்கியாவில் நடந்த எழுச்சிக்கு ‘பிஸ்ட்ரிக்கா’ தலைமையிடம் என்று அதில் வருகிறது. வரைபடத்தில் பார்த்தால் அங்கேயே அப்படி இரண்டு ஊர்கள். ஸ்லோவேனியா, ருமேனியா, போலந்திலும் ஏறக்குறைய இதே பெயர், சில இடங்களில் ஆற்றுக்கும். குடிபெயர்ந்தவர்கள் பெயரையும் கூடவே கொண்டுபோனார்களா? நான் எதை எழுதுவது?

மு.

அன்புள்ள மு.,

நீங்கள் தேடும் ஊர் பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சா. ‘பிஸ்ட்ரிக்கா’ என்று எழுதாதீர்கள். ஸ்லோவாக்கிய, ஸ்லோவேனிய, போலந்து மொழிகளில் ‘c’ (சி) என்ற எழுத்துக்கு ‘ட்ஸ்’ ஒலி. தமிழில் இந்தப் பிழை பரவலாக இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயரை யாரும் சுமந்துபோக வேண்டியிருக்கவில்லை. ‘பிஸ்ட்ர்’ என்ற பழைய ஸ்லாவிய (ஸ்லோவாக்கிய, ஸ்லோவேனிய, போலந்து மொழிகள் சேர்ந்த மொழிக்குடும்பம்) வேருக்கு விரைவு, தெளிவு என்று பொருள். ‘இட்சா’ பெண்பால் விகுதி. ஸ்லோவாக்கிய மொழியில் இன்று விரைவுப் பொருள் நிற்கிறது, கூர்மதிக்காரரையும் அதே சொல்லால் சொல்வார்கள். ஸ்லோவேனிய மொழியில் தெளிவுப் பொருள். அடியில் கிடக்கும் கல் தெரிய, வேகமாக இறங்கும் மலை ஓடையைப் பார்த்தவர்கள் அங்கங்கே தாங்களாகவே வைத்த பெயர் இது. பெரும்பாலும் பெயர் முதலில் ஆற்றுக்கு, பிறகு கரையில் எழுந்த ஊருக்கு. பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சாவிலும் பிஸ்ட்ரிட்சா என்ற ஓடை வந்து ஹ்ரோன் ஆற்றில் சேர்கிறது.

ஊரைப் பிரித்தறிய முன்னால் நிற்கும் அடைமொழியைப் பாருங்கள். ‘பான்ஸ்கா’ என்றால் சுரங்கத்துக்குரிய. அந்த ஊர் செம்புச் சுரங்கத்தால் செழித்தது. நீங்கள் பார்த்த இன்னொரு ஊர் போவாஷ்ஸ்கா பிஸ்ட்ரிட்சா. ‘போவாஷ்ஸ்கா’ என்றால் வாஹ் ஆற்றங்கரையைச் சேர்ந்த. அடைமொழி இல்லாவிட்டால் பக்கத்தில் எந்த ஆறு சொல்லப்படுகிறது என்று தேடுங்கள்: ஹ்ரோன் என்றால் முதல் ஊர், வாஹ் என்றால் இரண்டாவது.

வேற்றுமை உருபும் ஏமாற்றும். ‘பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சாவில்’ என்பது மூலத்தில் ‘பான்ஸ்கெய் பிஸ்ட்ரிட்சி’ என்று இருக்கும். அடைமொழி, பெயர் இரண்டின் ஈறும் மாறுவதால் வேறு ஊர் என்று தோன்றும்.

அண்டை மொழிக்காரர்கள் வாயில் பெயர் இன்னும் திரிகிறது. ஹங்கேரியர்களுக்கு இது பெஸ்டெர்ட்செபான்யா. ‘பான்யா’ என்றால் சுரங்கம். ஜெர்மன் ஆவணங்களில் நாய்சோல், ஒலியில் ஒட்டே இல்லாத பெயர். போலந்தில் பிஸ்ட்ஷிட்சா: ஒன்று லூப்லின் நகர் வழியாக வியெப்ஷ் ஆற்றுக்கும், இன்னொன்று விராட்ஸ்வாஃப் பக்கம் ஓடர் ஆற்றுக்கும் போகிறது. லூப்லின் ஆறு மலையாறு அல்ல, ஆகவே பெயரை மட்டும் வைத்து நிலத்தை ஊகிக்காதீர்கள். ருமேனியாவில் டிரான்சில்வேனியாவின் பிஸ்ட்ரிட்சா நகரம் ஒன்று. பிக்காஸ் அணை கட்டப்பட்ட, சிரெட் ஆற்றில் சேரும் பிஸ்ட்ரிட்சா ஆறு வேறு.

எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரியா. ஸ்டிரியா, கரிந்தியா மாநிலங்களில் ஃபைஸ்ட்ரிட்ஸ் என்ற பெயரில் ஊர்களும் ஆறுகளும் உண்டு. எல்லாம் பிஸ்ட்ரிட்சாவே, ஜெர்மன் வாயில் ‘பி’ ‘ஃபை’ ஆயிற்று. இன்று ஜெர்மன் மட்டுமே பேசும் பள்ளத்தாக்கிலும் இந்தப் பெயர் இருந்தால், ஒருகாலத்தில் அங்கே ஸ்லாவியர் வாழ்ந்தார்கள் என்று கொள்ளலாம். ஸ்லோவேனிய மொழி இன்றும் வழங்கும் கரிந்தியாவின் ரோசன்டால் பள்ளத்தாக்கில் ஒரே ஊருக்கு இரண்டு பெயரும் உண்டு.

மொழிபெயர்ப்பில் முதல்முறை வரும்போது ‘பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சா, ஹ்ரோன் ஆற்றங்கரை நகரம்’ என்று எழுதுங்கள். பிறகும் அடைமொழியை விடாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் சுருக்கிச் சொல்வது அவர்களுக்குப் புரியும், தமிழ் வாசகருக்குப் புரியாது.