சுகம் என்கிறார் அப்பா

கேள்வி: என் தகப்பனாருக்கு 77 வயது. முழங்கால் வலி, நீரிழிவு, வலது காது மந்தம். கிளினிக்கில் வைத்தியர் கேட்டால் "எனக்கென்ன, சுகமாக இருக்கிறேன்" என்கிறார். நான்தான் குறுக்கிட்டு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உதவிப் பணத்துக்கான படிவத்தில் இயலாமை பற்றி எழுதவும் விடுகிறார் இல்லை. இந்தப் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது?
– வாசகர், உப்புவெளி

பதில்: பிடிவாதம் என்று ஏன் முடிவு கட்டினீர்கள்? 77 வயதுக்காரர் தன் உடம்பை உங்கள் உடம்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. கூடப் படித்தவர்களில் பலர் போய்விட்டார்கள், சிலர் படுக்கையில். இவர் எழுந்து நடந்து தன் கையால் சாப்பிடுகிறார். அந்தக் கணக்கில் சுகம்தானே! அந்தச் சொல்லை அலட்சியம் செய்யவும் வேண்டாம். 1997இல் ஐட்லர், பென்யமினி என்ற இரு ஆய்வாளர்கள் 27 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். தன் சுகத்தைப் பற்றி ஒருவர் சொல்லும் ஒற்றைப் பதில், நோய்களைக் கணக்கில் எடுத்த பிறகும், அவருடைய ஆயுளைப் பற்றித் தனியாக ஏதோ சொன்னது, பெரும்பாலான ஆய்வுகளில்.

ஆனால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் மலைக்கு ஏறியவர் இப்போது பத்திரகாளி அம்மன் கோயிலோடு திரும்புகிறாரா? கேட்டால் "மேலே சனக்கூட்டம்" என்பார். தடுப்பது சனமல்ல, ஏற்றம். கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாரா? அது காது. முடியாததை முதியவர்கள் வாய்விட்டுச் சொல்வது அரிது, மெல்ல விட்டுவிடுவார்கள். வயதானால் இப்படித்தான் என்று அவரும் நினைப்பார், நீங்களும் நினைப்பீர்கள். காதில் அடைத்திருப்பது வெறும் குறும்பியாகவும் இருக்கலாம், யார் பார்த்தது?

இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டில்கூடப் பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைத்திருக்க, தன்னைப் பராமரிக்க, பிறரோடு பேசிப் பழகச் சிரமம் உண்டா என்றுதான் விசாரித்தார்கள். நீங்களும் அப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுப் படிவத்தை நிரப்புங்கள். "இயலாதவரா?" என்று கேட்டால் எந்த அப்பா ஓம் என்பார்?

அடுத்த கிளினிக்கில் வைத்தியர் அவருடைய இடது பக்கம் வரும்படி உட்காரவையுங்கள். கேள்வி சரியாக விழாமலே "சுகம்" என்று சொல்லி வந்தாரோ என்னவோ. பிறகு தயவுசெய்து நீங்கள் வாய் திறக்காதீர்கள்.