கல்லீரல் செல் வளர்க்கும் படிப்பு சோறு போடுமா?

பி.எஸ்சி. பயோடெக்னாலஜி இரண்டாம் வருடம் படிக்கும் மகள், கல்லீரல் செல் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள், "தட்டில் செல் வளர்த்தால் சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போடும் ஐயா. ஆனால் பி.எஸ்சி.யோடு நின்றால் கஷ்டம்தான்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று முதலில் பாருங்கள். கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்த செல்களை வெறும் பிளாஸ்டிக் தட்டில் விட்டால் ஒட்டிக்கொள்ளும், தட்டையாகப் பரவும். கல்லீரல் ரத்தத்துக்குத் தரும் அல்புமின் புரதம் சுரப்பது சில நாட்களிலேயே குறையும். மருந்தைச் சிதைக்கும் சைட்டோகுரோம் பி450 என்சைம்களும் சரியும். செல்லுக்கு உயிர் இருக்கும், கல்லீரலின் வேலை இருக்காது. உடம்புக்குள் இதே செல்லைச் சுற்றி லேமினின், கொலாஜன் போன்ற புரதங்களாலான வலை இருக்கிறது; அதை மேட்ரிக்ஸ் என்பார்கள். செல்லின் மேலுள்ள இன்டெக்ரின் என்ற புரதங்கள் அதைப் பிடித்துக்கொண்டு, எந்த ஜீன் வேலை செய்ய வேண்டும் என்பது வரை உள்ளே சேதி அனுப்புகின்றன. 1987இல் அமெரிக்காவில் மாண்ட்கோமெரி பிஸ்ஸெல் குழுவினர் எலியின் கல்லீரல் செல்களை லேமினின் நிறைந்த ஜெல்லின் மேல் வளர்த்தார்கள். அங்கே அவை தட்டையாகாமல் உருண்டு திரண்டிருந்தன, கல்லீரலின் வேலையையும் விடவில்லை. இரண்டு கொலாஜன் அடுக்குகளுக்கு நடுவே செல்லை வைக்கும் 'சாண்ட்விச்' முறை 1989இல் வந்தது.

இதில் வேலை எங்கே என்கிறீர்களா? புது மருந்து கல்லீரலைக் கெடுக்குமா என்று மருந்து கம்பெனிகள் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். வேலை மறந்த செல்லை வைத்துப் பார்த்தால் விடை தப்பாக வரும். விலங்குகளுக்குப் பதிலாக இத்தகைய சோதனைகளைப் பயன்படுத்த நம் மருந்து விதிகளும் 2023இல் இடம் கொடுத்துவிட்டன. பெங்களூரு, ஹைதராபாத் ஆய்வு நிறுவனங்களில் இதற்கென்றே பிரிவுகள் உண்டு. எம்.எஸ்சி.யில் சேர ஜி.ஏ.டி.-பி நுழைவுத் தேர்வு, அப்புறம் ஆராய்ச்சிக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். பிஎச்.டி. ஐந்தாறு வருடம் இழுக்கும். அதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

கையும் பழக வேண்டும். செல்லை வளர்க்கும் அந்த லேமினின் ஜெல்லை, கடையில் அதன் பெயர் மேட்ரிஜெல், ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் உருக வைத்து, ஐஸ் மேலேயே வைத்து, பிப்பெட் முனையைக்கூடக் குளிர வைத்துத்தான் ஊற்றுவார்கள். கொஞ்சம் சூடு பட்டாலும் கெட்டியாகிவிடும். விலையோ யானை விலை. முதுகலைக்குக் கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். செல் வளர்ப்பு வேலை நடக்கும் கண்ணாடித் தடுப்பு மேசையான செல் கல்ச்சர் ஹூட்டில் மாணவர்களைக் கை வைக்க விடுகிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நிறுத்திக் காட்டுவதோடு சரியா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

அதற்கு முன் இந்தக் கோடையில் இரண்டு மாதம் ஏதாவது ஒரு செல் கல்ச்சர் லேபில் இருந்து பார்க்கட்டும். அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.