உலகைக் காப்பாற்றிய கொடுங்கோலனை மன்னிக்கலாமா?

கேள்வி: ஃபேன்டஸி நாவல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். அதில் வரும் பேரரசன் முந்நூறு ஆண்டுகள் சாகாமல் ஆள்கிறான். மலைமக்களை அடிமைகளாக்கிக் கணவாயின் குறுக்கே பெரிய மதில் கட்டவைக்கிறான். எதற்கு என்று கேட்டவர்களின் நாக்கை அறுக்கிறான். வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போகிறான். ஆண்டுதோறும் முடிசூட்டு விழா நாளில் கிளர்ச்சிக்காரர்கள் பத்துப் பேரைச் சதுக்கத்தில் நிறுத்திக் கொல்கிறான். கடைசி அத்தியாயத்தில்தான் உண்மை தெரிகிறது: பூமிக்கடியிலிருந்து ஓர் இருள் அலை எழப்போவதை அவன் முன்பே அறிந்திருந்தான். அலை வருகிறது, மதில் தாங்குகிறது, மனித இனம் பிழைக்கிறது. படித்த நண்பர்களில் இருவர் ‘அவன்தான் உண்மையான நாயகன்’ என்கிறார்கள். தோழி ஒருத்தி ‘இவனுக்கா இவ்வளவு மரியாதை’ என்று கொதித்துப்போய்விட்டாள். எனக்கே குழப்பமாக இருக்கிறது. அவனுடைய நோக்கம் அவன் கொடுமையை மன்னிக்கத்தக்கதாக ஆக்கிவிடுமா? முடிவை எப்படி மாற்றுவது? நான்கு அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் தோழியின் கோபம் நியாயமானது. மற்ற இருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் கடைசி அத்தியாயம்தான் அவர்களை அந்த முடிவுக்குக் கொண்டுபோய் விடுகிறது. அது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டால், எதை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

“அவனை மன்னிக்கலாமா” என்று கேட்கும்போது மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அவன் செய்தது சரியா? சரியில்லை என்றால், பழியைக் குறைக்கும்படி ஏதாவது இருக்கிறதா? பழி அப்படியே நின்றாலும் மன்னிக்கலாமா, மன்னிக்க வேண்டியவர் யார்? முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின் 1956இல் ஆற்றிய உரையில் தெளிவாக எடுத்துக்காட்டினார். குற்றம் சாட்டப்பட்டவன் “நான்தான் செய்தேன், செய்தது சரி” என்று வாதாடலாம். அல்லது “செய்தது தவறுதான்; ஆனால் என்னை மிரட்டினார்கள், எனக்கு விவரம் தெரியாது, புத்தி பேதலித்திருந்தது” என்று சொல்லலாம். பெரிய நோக்கம் முதல் வாதத்துக்கு மட்டுமே உதவும். இரண்டாவதில் அது அவனுக்கு எதிராகவே திரும்பிவிடும். உங்கள் பேரரசனை யாரும் மிரட்டவில்லை. அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யோசிக்க முந்நூறு ஆண்டுகள் இருந்தன. நோக்கம் தெளிவாக இருக்க இருக்க, செய்த ஒவ்வொன்றும் முழுக்க அவன் பொறுப்பாகிறது.

ஆகவே அவனுக்கு மிஞ்சுவது “செய்தது சரி” என்ற வாதம் ஒன்றுதான். அதை ஒட்டுமொத்தமாக எடைபோடாதீர்கள். ஒரு தட்டில் மனித இனம் முழுவதையும் வைத்துவிட்டால், மறு தட்டில் எந்தக் கொடுமையை வைத்தாலும் அது லேசாகத்தான் தெரியும். உங்கள் நண்பர்கள் இருவரும் அப்படித்தான் நிறுத்திருக்கிறார்கள். கொடுமைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ‘இதை நீக்கினால் மதில் விழுமா?’ என்று கேளுங்கள்.

விழா நாள் கொலைகளை எடுத்துக்கொள்வோம். கிளர்ச்சியை அடக்கத்தான் என்று இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய ஏழாம் அத்தியாயத்தில் அவன் மாடத்தில் அமர்ந்து இசை கேட்டபடி அதைப் பார்க்கிறான். பத்தாவது ஆள் விழும்வரை எழுந்திருப்பதில்லை. அந்தச் சதுக்கத்திலிருந்து ஒரு கல்கூட மதிலுக்குப் போகவில்லை. இது நோக்கத்தோடு ஒட்டாத, மிச்சமாக நிற்கும் கொடுமை. இருள் அலை பத்து முறை வந்தாலும் இதற்கு விளக்கமாகாது. பெரிய நோக்கமுள்ள கொடுங்கோலர்களின் கதைகளில் இந்த மிச்சம் அநேகமாக எப்போதும் இருக்கும். நோக்கத்தின் ஒளியில் நம் கண் கூசிப்போவதால் அதைப் பார்க்கத் தவறிவிடுகிறோம்.

அரசன் கடுமையாக இருக்க வேண்டாமா என்று உங்கள் நண்பர்கள் கேட்கலாம். வேண்டும் என்றுதான் வள்ளுவரும் சொல்கிறார்: கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர். பயிரைக் காக்கக் களை எடுக்கலாம். ஆனால் குறளின் முதல் இரண்டு சொற்களிலேயே வரம்பு இருக்கிறது; ஒறுக்கப்பட வேண்டியவர்கள் கொலையிற் கொடியார். உங்கள் மலைமக்கள் யாரையும் கொல்லவில்லை. கணவாய்க்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள், அவ்வளவுதான். கொல்லாமை அதிகாரத்தில் இன்னும் நேராகவே வருகிறது: நன்றாகும் ஆக்கம் பெரிதெனினும் சான்றோர்க்குக் கொன்றாகும் ஆக்கங் கடை. நன்மை பெரிது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, அதன் பிறகும் அதைக் கடைப்பட்டது என்று தள்ளுகிறார். உங்கள் கேள்விக்கு இவ்வளவு நெருக்கமான வரி வேறு எனக்குத் தெரியாது.

இனி நாக்கு அறுத்தது. அவன் செய்தவற்றிலேயே மிக மோசமானது இது என்று நான் நினைக்கிறேன். நாவலில் நீங்கள் மிக வேகமாகக் கடந்துபோகும் இடமும் இதுதான். ஏன் அறுத்தான்? ரகசியம் வெளிப்பட்டால் மக்கள் பீதியில் சிதறிவிடுவார்கள் என்று கடைசிப் பேச்சில் சொல்கிறான். முந்நூறு ஆண்டுகளில் ஒரு கிராமத்திடமாவது சொல்லிப் பார்த்தானா? சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தன் பேரப்பிள்ளைகளை விழுங்கப்போகும் ஒன்று வருகிறது என்று தெரிந்த மனிதன் கல் சுமக்கச் சவுக்கு தேவையில்லை. அந்த மதிலை அவர்களே கட்டியிருப்பார்கள், இதைவிட வேகமாகக்கூட. அவன் பறித்தது உடலுழைப்பை மட்டும் இல்லை. தங்கள் உலகத்தைத் தாங்களே காக்கிறோம் என்று அறிந்து வாழும் வாய்ப்பையும் பறித்துவிட்டான். தோள் கொடுக்க வேண்டியவர்களை எரிபொருளாக்கினான். கட்டாய உழைப்பு அவசியமா என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைக்கிறது: அவன் மறைத்ததால்தான் அது அவசியமாயிற்று. தானே உண்டாக்கிய அவசியத்தைக் காட்டி ஒருவன் விலக்குக் கேட்க முடியாது.

“ஆனால் அவன் சொன்னது நடந்ததே!” இதுதான் நண்பர்களின் கடைசி ஆயுதமாக இருக்கும். நடந்தது, ஏனென்றால் நீங்கள் நடத்திவைத்தீர்கள். ஆசிரியர் தன் கையால் தீர்க்கதரிசனத்துக்கு முத்திரை குத்தும்போது வாசகர் அந்த உறுதியைப் பேரரசனுக்கு முதல் ஆண்டிலிருந்தே கொடுத்துவிடுகிறார். முதல் நாக்கை அறுத்தபோது அவன் கையில் இருந்தது ஒரு கனவும் பழைய ஏடும்தான் என்று மூன்றாம் அத்தியாயத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தீர்ப்பு அந்த நாளுக்கு உரியது. அலை வராமல் போயிருந்தால் அவனை என்னவென்று சொல்வோமோ, வந்த பிறகும் அந்த நாளின் அவனை அப்படித்தான் சொல்ல வேண்டும்.

நிஜ உலகில் அந்த முத்திரையைக் குத்தித் தர ஆசிரியர் யாரும் இல்லை. 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படை கம்போடியாவின் தலைநகர் நோம் பென்னைப் பிடித்ததும், நோயாளிகள் உட்பட எல்லோரையும் வெளியேற்றி வயல்வேலைக்கு விரட்டியது. ஏற்றத்தாழ்வே இல்லாத புதிய சமுதாயம் என்பது அவர்கள் சொன்ன நோக்கம். 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுவதற்குள் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பேர் வரை இறந்துபோனார்கள். அந்த ஆட்சியாளர்களும் சந்தேகமே இல்லாத நம்பிக்கையோடுதான் செய்தார்கள்.

நோக்கம் பெரிதாக இருப்பதாலேயே வழி அதற்குப் பொருந்திவிடும் என்றும் இல்லை. 2018இல் வெளியான ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ படத்தில் தானோஸ் என்ற வில்லன் அண்டத்து உயிர்களில் பாதியை அழிக்கிறான், வளம் எல்லோருக்கும் போதாது என்பது அவன் காரணம். பூமியை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்போம். அப்போதைய மக்கள்தொகை சுமார் 760 கோடி. பாதி என்றால் 380 கோடி. 1970களின் தொடக்கத்தில் இருந்த அளவு அது. அங்கிருந்து 760 கோடியை எட்ட மனிதர்களுக்கு அரை நூற்றாண்டுகூடத் தேவைப்படவில்லை. அவ்வளவு பெரிய கொலை வாங்கித் தந்தது ஒரு தலைமுறை அல்லது இரு தலைமுறை அவகாசம் மட்டுமே. உங்கள் மதிலுக்கு இந்தக் குறை இல்லை. அந்த விஷயத்தில் உங்கள் கதை உறுதியாகவே இருக்கிறது.

உங்கள் நண்பர்கள் தரப்புக்கு மிக வலுவான உதாரணம் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1981இல் எழுதிய ‘காட் எம்பரர் ஆஃப் டியூன்’ நாவல். அதன் அரசன் இரண்டாம் லீட்டோ பாதி மனிதன், பாதி மணற்புழு. 3,500 ஆண்டுகள் ஆள்கிறான். மனித இனத்தின் அழிவு அவனுக்குத் தெரிகிறது. இனி எந்த ஒற்றை அரசனாலும், யாருடைய முன்னறிவாலும் மனிதர்களைக் கட்டிப்போட முடியாதபடி செய்வதற்காகவே அவர்களை நசுக்குகிறான். அங்கே ஒடுக்குமுறையே கருவி. ஆகவே மிச்சம் எது, தேவை எது என்று பிரிப்பது கடினம். தான் வெறுக்கப்படுவதையும் கொல்லப்படப்போவதையும் அவன் தெரிந்தே ஏற்கிறான். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அவனை எதிர்க்கும் சியோனாவை. அவன் காணும் எதிர்காலத்தை அவளும் ஒருமுறை காண்கிறாள். அவன் பொய் சொல்லவில்லை என்று அறிகிறாள். அறிந்த பிறகும் அவனை வீழ்த்துகிறாள். நோக்கம் உண்மை என்று ஒப்புக்கொள்வதும் அவனை மன்னிப்பதும் ஒன்றாக வேண்டியதில்லை என்பதை ஒரு பாத்திரத்தின் செயலாகவே காட்டிய இடம் அது. உங்கள் கடைசி அத்தியாயத்தில் அப்படி ஒருவர்கூட இல்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது: விலையைக் கொடுத்தது யார்? 1884இல் மின்யனெட் என்ற பாய்மரக் கப்பல் தென் அட்லாண்டிக்கில் மூழ்கி, நான்கு பேர் ஒரு சிறு படகில் குடிநீர் இல்லாமல், மிகச் சொற்ப உணவோடு தத்தளித்தார்கள். தலைவர் டட்லியும் துணைவர் ஸ்டீஃபன்ஸும் 17 வயதுப் பணியாள் ரிச்சர்ட் பார்க்கரைக் கொல்ல முடிவு செய்தார்கள். அவன் உடலைத் தின்று மூவர் பிழைத்தார்கள். சீட்டுக் குலுக்கவில்லை. நோயுற்றுக் கிடந்த, எதிர்க்கத் திராணியற்ற பையனையே தேர்ந்தெடுத்தார்கள். ‘அவசியத்தால் செய்தோம்’ என்பது கொலையை நியாயப்படுத்தாது என்று இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவர் உயிருக்கு மதிப்பு அதிகம் என்று எந்த அளவுகோலால் அளப்பது, அந்த அவசியத்தைத் தீர்மானிப்பது யார் என்று நீதிபதி கேட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. செய்தது சரியல்ல, ஆனாலும் அவர்கள் பட்ட பாட்டுக்கு இரக்கம் உண்டு என்று இரண்டையும் தனித்தனியே வைத்தார்கள். டட்லிக்குக் கிடைத்த அந்த இரக்கம்கூட உங்கள் பேரரசனுக்குக் கிடைக்காது. டட்லி பசியால் செத்துக்கொண்டிருந்தார். உங்கள் ஆள் மாடத்தில் அமர்ந்து இசை கேட்கிறான். அவன் குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளைகூட மதிலுக்குப் போகவில்லை.

மன்னிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதைக் கொடுக்கும் உரிமை பாதிக்கப்பட்டவர்களுடையது. கதையில் அவர்களில் பலர் செத்துவிட்டார்கள். பிழைத்தவர்களுக்கு நீங்கள் வசனமே தரவில்லை. அதனால் அந்த உரிமை வாசகர் கைக்கு வந்துவிடுகிறது. எதையும் இழக்காதவர் மன்னிப்பது எளிது.

இப்போது திருத்தங்கள். பேரரசனின் நான்கு பக்கக் கடைசிப் பேச்சை வெட்டுங்கள். வாசகர் முதல் தடவையாக உண்மையைக் கேட்கும் இடத்தில் கொலையாளியே வழக்கறிஞராக நிற்கிறான். எதிர்த்தரப்பு அறையிலேயே இல்லை. அந்த உண்மையை மலைப்பெண் ஒருத்தி பழைய ஏட்டிலிருந்து தானே கண்டுபிடிக்கட்டும், அதுவும் அலை வருவதற்கு நான்கைந்து அத்தியாயங்கள் முன்பே. அவள் தன் ஊருக்குச் சொல்லட்டும். சிலர் ஓடுவார்கள், சிலர் தாமாகவே மதிலுக்குத் திரும்புவார்கள். அவன் ஒருபோதும் முயன்று பார்க்காத மாற்றுவழியை வாசகர் கண்ணால் பார்த்துவிட்டால், “வேறு வழி இல்லை” என்ற வாதம் தானாக உதிர்ந்துவிடும். ஐந்தாம் அத்தியாயத்தில் நாக்கு அறுபடும் கல்தச்சனுக்கு ஒரு பெயரும், அவன் கேட்ட கேள்வி முழுமையாக வர ஒரு பக்கமும் கொடுங்கள்.

பேரரசனை எளிய அரக்கனாக மாற்றிவிடாதீர்கள். அது வேறுவிதப் பொய். அரசியல் சிந்தனையாளர் மைக்கேல் வால்சர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நல்ல நோக்கத்துக்காகத் தவறு செய்யும் தலைவன் அது தவறுதான் என்று அறிந்து அதன் சுமையை ஏற்க வேண்டும், விலை கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். உங்கள் பேரரசன் அந்தச் சுமையை உணர்பவனா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். உணர்பவன் என்றால், மதில் நின்ற பிறகு மலைமக்களின் தீர்ப்புக்குத் தன்னை ஒப்படைக்கும் காட்சி தேவை. உணராதவன் என்றால் சிம்மாசனத்தில் அமைதியாகச் சாகவிடாதீர்கள். இரு நண்பர்களும் அவனை நாயகன் என்றது பெரும்பாலும் அந்தச் சாவு அவ்வளவு அழகாக இருப்பதால்தான்.

பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நீங்கள் அனுப்பிய பக்கங்களில் எங்கும் இல்லை. அலை வடிந்த பிறகு அவர்கள் எங்கே இருக்கிறார்கள், யார் தேடிப் போகிறார்கள் என்பதை எழுதிவிட்டு, கடைசி அத்தியாயத்தை முதலில் உங்கள் தோழியிடம் கொடுங்கள்.